வீட்டிலே படிப்பு: பள்ளிக்குப் பதிலாகவா, பள்ளியோடு சேர்த்தா?

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்ற ஏற்பாடு, பட்டணத்து வசதிக்காரர்கள் சிலரிடையே சில வருஷங்களாகப் பரவி வருகிறது. அப்பனும் அம்மாவும் காலேஜ் படித்தவர்கள். ஒருவர் சம்பாத்தியம் குடும்பத்துக்குப் போதும். மற்றவர் வீட்டில் இருக்கலாம். அலமாரி நிறையப் புத்தகம், பிள்ளைக்குத் தனி மேஜை, கம்ப்யூட்டர். பள்ளிக்கூடம் பிள்ளையைக் கிளிப்பிள்ளையாக்குகிறது, ஆகவே நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அமெரிக்காவில் 1993க்குள் 50 மாநிலங்களிலும் இதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஜெர்மனியிலோ நேர்மாறு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும்.

அவர்கள் பிள்ளை, அவர்கள் வசதி. அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. மனப்பாடப் படிப்பைப் பற்றி அவர்கள் சொல்லும் குறையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு மில் லைன் வீடுகளுக்கும் கிராமத்துக் காலனிகளுக்கும் வந்து சேரும்போது, அதன் பொருளே மாறிப்போகிறது. விடியற்காலையில் நடவுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் தாயிடம், இரவு ஷிப்டு முடித்துக் கண் எரிய வந்து படுக்கும் தகப்பனிடம், "உன் பிள்ளைக்கு நீயே வாத்தியார்" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? பிள்ளைக்குப் படிப்பு கிடையாது என்றுதான் அர்த்தம்.

"வீட்டிலேயே கற்றுக்கொள்ளட்டும்" என்ற வாசகத்தை இந்த மாகாணத்து உழைப்பாளி ஜனங்கள் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறார்கள். 1953ல் முதன் மந்திரி ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் அதைத்தான் சொல்லிற்று. கிராமப்புற ஆரம்பப் பள்ளியில் தினம் 5 மணி நேரப் படிப்பு 3 மணி நேரமாகக் குறைந்தது. பிள்ளைகள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து முறை வைத்து வருவார்கள். மிச்சப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். வண்ணான் பிள்ளை வெளுக்கட்டும், குயவன் பிள்ளை சக்கரம் சுற்றட்டும், பண்ணையாள் பிள்ளை மிராசுதாரின் மாட்டை மேய்க்கட்டும்! பணம் இல்லை, உள்ள உபாத்தியாயர்களை வைத்தே இரட்டிப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் சொன்னார்கள். ஆனால் பட்டணத்துப் பள்ளிகளுக்கு அந்தத் திட்டம் வரவில்லை என்பதை ஜனங்கள் கவனிக்காமல் இல்லை. குலக்கல்வித் திட்டம் என்று அவர்கள் வைத்த பெயர்தான் இன்றுவரை நிற்கிறது. திராவிடர் கழகம், திராவிட முன்னேற்றக் கழகம், சட்டசபை எதிர்வரிசையில் இருந்த கம்யூனிஸ்டுகள், காங்கிரசுக்குள்ளேயே ஒரு பகுதியினர் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகிக் காமராஜ் வந்தார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இது பழங்கதை அல்லவா என்று கேட்கலாம். 2016ல் மத்திய சர்க்கார் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று ஒரு கையால் எழுதியது. பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ பிள்ளை உதவலாம், அபாயகரமான தொழில்கள் மட்டும் கூடாது என்று மறு கையால் எழுதியது. "பள்ளி விட்ட பிறகு" என்ற நேரத்தை எந்த இன்ஸ்பெக்டர் கடிகாரம் வைத்துப் பார்க்கப் போகிறார்? வீட்டுக்கே நூலும் தறியும் கொடுத்து, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் முதலாளிக்கு, அந்த வீட்டுப் பிள்ளையின் விரல்கள் "குடும்ப உதவி"யாகிவிடுகின்றன.

இந்த இடத்தில் ஆலைச் சட்டங்களின் சரித்திரத்தையும் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1881ம் வருஷத்துச் சட்டம், 7 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத்தான் ஆலைக்குள் விடாதே என்றது. 7 வயதுப் பிள்ளையை 9 மணி நேரம் வேலை வாங்கலாம்! 1891ல் அந்த வயது 9 ஆயிற்று, 1922ல் 12, 1948ல் 14. ஒவ்வொரு வயதும் போராடிப் பெற்றது. ஆலைக்கு வெளியே நிற்கும் பிள்ளை பள்ளிக்குள் இருந்தால்தான் அந்தப் போராட்டத்துக்குப் பலன். வீட்டில் இருந்தால் நாளைக்கே யாராவது ஒரு மேஸ்திரி கதவைத் தட்டுவான்.

2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாகப் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ந் தேதிதான் திறந்தன. 19 மாதம் எல்லாக் குழந்தைகளுக்கும் வீடே பள்ளிக்கூடம் என்றாயிற்று. வீட்டில் இருக்கும் ஒரே போனை அப்பன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். பாடம் போனில் வரும். கல்வித் தொலைக்காட்சி ஓடியது. கேட்ட கேள்விக்குத் தொலைக்காட்சி பதில் சொல்லுமா? பையன்கள் மூட்டை தூக்கப் போனார்கள், பட்டறைக்குப் போனார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்த வீடுகளும் உண்டு. மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை எழுத்தையே மறந்து வந்து உட்கார்ந்தது. அப்போது, 2021 அக்டோபரில், சர்க்கார் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆரம்பித்தது. நம் தெருக்களிலேயே படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்து, மாலை நேரத்தில் கோயில் திண்ணையிலும் வீட்டு வாசலிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். அந்தத் தொகையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம். நமக்குத் தெரிய வேண்டிய செய்தி, தெருவிலேயே வாத்தியார் இருக்கிறார் என்பது.

பள்ளிக்குப் பதிலாக வீடு வேண்டாம். அப்படியானால் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு 2 உபாத்தியாயர்கள். வகுப்போ ஐந்து! அந்த இரண்டு பேரில் ஒருவர் லீவு போட்டால் மற்றவர் மந்தை மேய்க்கத்தான் முடியும். வசதிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மிச்சப் படிப்பு வீட்டில் கிடைக்கிறது, டியூஷனில் கிடைக்கிறது. நம் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே அவன் முன்னாலும் இவன் பின்னாலும் நிற்பது இதனால்தான்.

"நானே கைநாட்டு, நான் என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்று கேட்காத தொழிலாளி இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேளுங்கள். தினம் அரை மணி நேரம். பகல் ஷிப்டுக்காரருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், இரவு ஷிப்டுக்காரருக்குச் சாயந்திரம் கிளம்புவதற்கு முன். "கண்ணு, இன்னிக்கு வாத்தியாரு நடத்துன பாடத்தை எனக்குப் படிச்சுக் காட்டு" என்று உட்கார வையுங்கள். பிள்ளை ஒரு பக்கத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும். உடனே மகிழ்ந்துபோய் எழுந்துவிடாதீர்கள். பக்கத்தின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். எழுத்துத் தெரியாதவரும் விரல் வைக்கலாம். பிள்ளை முதல் வரியிலிருந்து மறுபடி ஓடி வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிக்கிறது என்றால், அது படிக்கவில்லை, மனப்பாடம் பண்ணியிருக்கிறது. இது ஒன்றை மட்டும் கண்டுபிடித்து மறுநாள் உபாத்தியாயரிடம் போய்ச் சொன்னாலே போதும்; பாதி வேலை ஆயிற்று.

படித்து முடித்த பிறகு, "இப்ப உன் வார்த்தையில சொல்லு, என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னாலும் முழுக்கச் சொல்லவிட வேண்டும். தட்டுத்தடுமாறும்போது கையை ஓங்காதீர்கள். மேஸ்திரி கத்தினால் உங்களுக்கே இழை அறுகிறது. பிள்ளைக்கு எழுத்து அறாதா?

எழுத்தே பிடிபடாத சின்னப் பிள்ளைக்கு, தமிழில் 247 எழுத்து இருக்கிறது என்று பயமுறுத்துகிறார்கள். உயிர் 12, மெய் 18 தெரிந்து, கால், கொம்பு, சுழி இன்னின்ன இடத்தில் வரும் என்று பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் அதன் சேர்க்கைதான். அகரவரிசைப்படியே ஆரம்பிக்க வேண்டும் என்றும் இல்லை. நேர்க்கோட்டில் வரும் ட, ப, ம முதலில் எழுதட்டும். 'படம்' என்று ஒரு சொல் அன்றைக்கே வந்துவிடும். சொல் வந்துவிட்டால் பிள்ளைக்கு ருசி பிறந்துவிடும். சிலேட்டு இல்லாவிட்டால் மணல் இருக்கிறது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில்தான் எழுதினார்கள். (அந்தத் திண்ணையில் பண்ணையாள் பிள்ளை ஏற முடியாது என்பது வேறு விஷயம். மணலுக்கு அந்தப் பேதம் தெரியாது.) பிறகு பஸ்ஸின் நெற்றிப் பலகை, ரேஷன் கடைப் பலகை, தீப்பெட்டி, சோப்பு உறை என்று கண்ணில் படும் எழுத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே நடக்கலாம். இங்கிலீஷ் எழுத்தும் அந்த சோப்பு உறையிலேயே இருக்கிறது. அதற்காக வட்டிக்கு வாங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை.

கணக்கில்தான் தொழிலாளி வீட்டுக்கு உள்ள ஆஸ்தி யாருக்கும் இல்லை. ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறவர் 40ம் நெம்பர் நூல் என்று தினம் சொல்கிறார். அதற்கு அர்த்தம் என்ன? ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் 40 இருக்கும் என்பது. அப்படியானால் மொத்தம் எத்தனை கெஜம்? 33,600. அரைக் கிலோவுக்கும் குறைவான பஞ்சு முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது! ஏழாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பெருக்கலும் படிக்கும், அப்பன் செய்யும் வேலை என்ன என்பதும் தெரிந்துகொள்ளும்.

சம்பளச் சீட்டைப் பிள்ளை கையில் கொடுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து நாளைக்கு 400 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம். 10,400 ரூபாய். பிராவிடண்டு பண்டுக்குத் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 12, ஆகவே 1,248. ஈ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், ஆகவே 78. கைக்கு வரவேண்டியது 9,074. சீட்டில் அதற்கும் குறைந்தால் ஏன் குறைந்தது? இந்தச் சதவிகிதக் கணக்கைப் புத்தகத்தில் இரண்டு வருஷம் போட்டும் விளங்காத பிள்ளைக்கு ஒரே ராத்திரியில் விளங்கும். ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் சேர்த்து விளங்கும்.

வயலில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், ஏக்கருக்கு 100 சென்ட். இந்தப் பரப்பு நேற்று நட்ட வயலில் எத்தனை மா என்று நடந்து அளந்துவரச் சொல்லுங்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ; விலையோ குவிண்டாலுக்கு. குவிண்டால் 2,500 ரூபாய் என்றால் மூட்டை எவ்வளவு? மூட்டைக்கு ஒரு கிலோ அதிகம் பிடித்தால் 100 மூட்டைக்கு எவ்வளவு போயிற்று? பிள்ளை விரல் விட்டு எண்ணினாலும் பாதகமில்லை. வாய்பாடு மட்டும் 16 வரை தலைகீழாகத் தெரிய வேண்டும். அதில் சலுகை காட்டக்கூடாது.

பள்ளிக்குப் போகிற வயசு வராத பிள்ளையோடு பேசினாலே போதும். புளியங்கொட்டையை எண்ணட்டும், சிறியது பெரியது என்று பிரிக்கட்டும், பாட்டி கதை சொல்லட்டும். நிறையப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் பின்னால் எழுத்தைச் சீக்கிரம் பிடிக்கிறது.

புத்தகத்துக்கு எங்கே போவது? சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணத்தில்தான் 1948ல் நூலகச் சட்டம் வந்தது. நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். காசு கொடுத்தவர்கள் நீங்கள். கிளை நூலகத்தின் வாசலை மிதிக்கத் தயங்குவது ஏன்? ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நூலகம் பூட்டியே கிடந்தால் அதையும் எழுதிக் கேளுங்கள்.

ஏற்கனவே படிப்பு நின்றுபோன பிள்ளைக்கு என்ன வழி? 2002ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 2009ல் சட்டம் இயற்றி, 2010 ஏப்ரல் 1ந் தேதி முதல் 6 வயதிலிருந்து 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி உரிமை ஆக்கப்பட்டது. நடுவில் நின்ற பிள்ளையையும் வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குத் தனிப்பயிற்சி கொடுக்க வேண்டும். வயசுச் சர்டிபிகேட் இல்லை, டி.சி. வரவில்லை என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். போகிற ஊரில் உள்ள பள்ளியிலும் உங்கள் பிள்ளைக்கு இடம் உண்டு.

14 வயது தாண்டி நின்றுவிட்ட பிள்ளைக்கும் கதவு முழுக்க அடைபடவில்லை. 1989ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. பள்ளிக்குப் போகாமலே 14 வயதுக்கு மேல் பத்தாம் வகுப்புப் பரீட்சையை அதன் மூலம் எழுதலாம். வீட்டிலேயே பிள்ளையைப் படிக்கவைக்கும் பட்டணத்துக்காரர்கள் பலர் பரீட்சைக்கு இந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள். நம் பையன்களும் பெண்களும் வேலைக்குப் போய்க்கொண்டே எழுத இது உதவும். தமிழ்நாடு சர்க்காரின் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பரீட்சைகளையும் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. விண்ணப்பத் தேதியை விசாரித்துச் சொல்லும் வேலையைச் சங்கங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். பஞ்சப்படிக் கணக்கைப் பார்க்கும் சங்கத்துக்கு இது பாரமாகாது.

பள்ளியில் இருக்கும் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. படிப்பை விடுங்கள், சோற்றையே பாருங்கள். 1956ல் காமராஜ் காலத்தில் விரிந்த மதிய உணவு, 1982ல் சத்துணவாயிற்று. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கி, 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. வீட்டில் நிறுத்தினால் அந்த இரண்டு வேளையும் தாயின் கூலியிலிருந்துதான் போக வேண்டும். குடியானவர் தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்பது வேறெங்கே நடக்கிறது? சில ஊர்களில் அதைக் கெடுக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் நம் பிள்ளை அங்கே தவறாமல் போக வேண்டும்.

பள்ளியில் குறை இருந்தால் பள்ளியிலேயே கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பல ஊர்களில் அந்தக் குழுவின் ஏட்டில் கையெழுத்து மட்டும் இருக்கிறது, கூட்டம் இருப்பதில்லை. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். காலி உபாத்தியாயர் இடத்தை நிரப்பச் சொல்லி மே தினத்திலும் அக்டோபர் 2ந் தேதியிலும் கூடும் கிராம சபையில் தீர்மானம் கொடுங்கள். தீர்மானத்தைப் பிள்ளைகளை விட்டே எழுதச் சொல்லலாம்.

அப்பன் அம்மா இருவரும் ஷிப்டில் இருக்கும் வீடுகளுக்கு அரை மணி நேரமும் கிடைக்காது. லைனுக்கு ஒரு வீடு, தெருவுக்கு ஒரு திண்ணை என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது முடித்த பெண் ஒருத்தி எல்லாத் தெருவிலும் இருக்கிறாள். சங்க ஆபீஸ் சாயந்திரம் சும்மாதானே கிடக்கிறது? விளக்கைப் போட்டுப் பாயை விரியுங்கள்.

அந்தப் பாயில் யார் உட்காருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பையன் புத்தகத்தோடு வந்துவிடுவான். அதே நேரத்தில் அவன் தங்கை தண்ணீர்க் குடத்தோடு குழாயடியில் நிற்பாள், அல்லது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உலை பார்ப்பாள். ஆறு மணிக்குத் தண்ணீர் வருகிறது என்றால் படிப்பை ஏழு மணிக்கு வையுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் அவன் குடம் எடுக்கட்டும், மறுநாள் அவள் எடுக்கட்டும்.